கறுப்பு வேறு, துரு வேறு

கேள்வி: சீர்வரிசையில் வந்த இரும்புக் கத்தியும் அரிவாள்மனையும் இன்னும் நன்றாக வெட்டுகின்றன. ஆனால் மாங்காயோ வாழைப்பூவோ நறுக்கினால் அலகு கறுத்துவிடுகிறது. மழைக்காலத்தில் செந்நிறப் புள்ளிகளும் தோன்றுகின்றன. தேய்த்துத் தேய்த்து அலுத்துவிட்டது. எவர்சில்வர் கத்திக்கு மாறிவிடலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மாற வேண்டாம்; தேய்ப்பதை நிறுத்தினாலே பாதிக் கவலை தீரும். எவர்சில்வரில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்திருப்பதால், துருவைத் தடுக்கும் மெல்லிய படலம் அதன்மேல் தானாகவே உருவாகிவிடுகிறது. உங்களிடம் இருப்பதைப் போன்ற கார்பன் எஃகில் அந்த வசதி இல்லை. காயின் புளிப்பும் துவர்ப்பும் இரும்போடு வினைபுரிவதால் படியும் சாம்பல், கருநீல நிறப் பூச்சு அழுக்கன்று. அலகோடு ஒட்டி நின்று துரு ஏறுவதை ஓரளவு தணிக்கும் அதைச் சுரண்டி எடுக்கும் ஒவ்வொரு முறையும் பச்சை இரும்பை மீண்டும் ஈரத்துக்குத் திறந்துவிடுகிறீர்கள். செந்துரு அப்படியல்ல. அது பொருபொருவென்று உதிர்ந்து, ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளே அரித்துக்கொண்டே போகும். ஆகவே கண்டவுடன் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்து நீக்கிவிடுங்கள்.

நறுக்கி முடித்ததும் கழுவி, உலர்ந்த துணியால் உடனே துடைக்க வேண்டும். தொட்டியில் ஊறப்போடுவதுதான் இந்தக் கத்திக்குச் செய்யும் பெருங்கேடு. சில நாள் எடுக்காமல் வைப்பதானால், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழையில், அலகின்மேல் தேங்காய் எண்ணெயை மெல்லியதாகத் தடவி வையுங்கள். அந்த எண்ணெய் எளிதில் சிக்கு வாடை அடிக்காது.

சாணை பிடிப்பதில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. சுழலும் சாணைச் சக்கரத்தில் தண்ணீரின்றி அழுத்திப் பிடித்தால் விளிம்பு சூடேறும். அங்கே நீல நிறம் ஓடியிருந்தால் வெப்பம் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது, பதம் இறங்கிவிட்டது என்று பொருள். அதற்குப் பின் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிலைக்காது. ஈரத்தை உலர்த்தக் கத்தியை அடுப்புத் தீயில் காட்டுவதும் இதே காரணத்தால் கூடாது. வீட்டிலேயே நனைத்த சாணைக்கல்லில், அலகைக் கல்லோடு ஏறத்தாழ 15 முதல் 20 டிகிரி சாய்வில் வைத்து, இரு பக்கமும் நிதானமாகத் தீட்டுவதே நல்லது. கருங்கல் மேடையின்மேல் வைத்து நறுக்காமல் மரப்பலகையைப் பயன்படுத்தினால் அந்தக் கூர் நெடுநாள் நிற்கும்.

புதிதாகத் தீட்டிய விளிம்பு சில நாள் காயில் கறை ஏற்றக்கூடும். அந்த நாட்களில் எலுமிச்சைக்கும் தக்காளிக்கும் மட்டும் ஓர் எவர்சில்வர் கத்தியைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.