ஆல்ப்ஸ் மலை ரயிலுக்கு மூன்று நாள்: கிளேசியர் எக்ஸ்பிரஸா, பெர்னினா எக்ஸ்பிரஸா?

நீங்கள் எழுதியிருப்பது இது: செப்டம்பர் கடைசியில் சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் இறங்குகிறோம், இத்தாலியின் மிலானில் விமானம் ஏறுகிறோம். அறுபத்தைந்து தாண்டிய பெற்றோரும் பத்து வயது மகனும் கூட வருகிறார்கள். நடுவில் மூன்று நாட்களை மலை ரயிலுக்கு ஒதுக்கியிருக்கிறோம், கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற இரண்டு சுற்றுலா ரயில்களில் எதற்கு முன்பதிவு செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்குமே வேண்டாம் என்பது என் பதில். பெர்னினா கணவாயைத் தாண்டி இத்தாலியின் திரானோ வரை போகும் பெர்னினா பாதையில் போங்கள். ஆனால் எக்ஸ்பிரஸில் அல்ல. அதே தண்டவாளத்தில் மணிக்கு ஒன்றாக ஓடும் சாதாரணச் சிவப்பு ரயிலில்.

மகள் சூரிக்கில் வேலை பார்ப்பதால் நானும் மனைவியும் அவ்வப்போது அங்கே போய் வருகிறோம். மனைவிக்கு மூட்டு வலி, எனக்கு ரயில் பைத்தியம். இரண்டுக்கும் இடம் கொடுத்துப் போட்ட திட்டம் இது. உங்கள் பெற்றோருக்கும் சரிப்படும்.

கிளேசியர் எக்ஸ்பிரஸை ஏன் தள்ளுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். செர்மாட்டிலிருந்து சென்ட் மோரிட்ஸ் வரை 291 பாலங்கள், 91 சுரங்கப் பாதைகள், ஏறக்குறைய 8 மணி நேரம். உலகிலேயே மெதுவான எக்ஸ்பிரஸ் என்று பெருமையாகவே விளம்பரம் செய்கிறார்கள். 1930-இல் ஓடத் தொடங்கியபோது ரோன் பனியாறு ஜன்னலிலிருந்து தெரிந்தது. அதனால்தான் அந்தப் பெயர். ஃபுர்கா கணவாய்க்கு அடியில் 15 கிலோமீட்டர் நீளச் சுரங்கப் பாதையை 1982-இல் திறந்த பிறகு குளிர்காலத்திலும் ரயில் ஓட வழி பிறந்தது. பனியாறு மட்டும் பயணத்திலிருந்து போய்விட்டது. இன்று அந்த இடத்தைக் கடக்கும்போது கண்ணாடியில் தெரிவது நம் முகம்தான். ஓபரால்ப் கணவாயும் ரைன் நதியின் வெள்ளைப் பாறைப் பள்ளத்தாக்கும் அழகு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கூர் நகரத்துக்குப் பிறகு சென்ட் மோரிட்ஸ் வரை அது போவது ஆல்புலா பாதை. பெர்னினாவுக்குப் போகிறவரும் அதே வழியாகத்தான் போகிறார். சுற்றுலாப் பயணிகளுக்கான ஸ்விஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தாலும் முன்பதிவுக் கட்டணத்தைத் தனியாகக் கட்டியே ஆக வேண்டும். பத்து வயதுப் பையனை எட்டு மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார வைப்பது யார் பொறுப்பு என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நடக்கவே முடியாதவர், ரயில் மாற முடியாதவர், உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு வர வேண்டும் என்பவர் உங்களுடன் இருந்தால் மட்டும் அது நல்ல தேர்வு.

பெர்னினா எக்ஸ்பிரஸின் கதை வேறு. பாதையில் ஒரு குறையும் இல்லை. ரயிலில்தான் குறை. கூரை வரை வளைந்து ஏறும் கண்ணாடி விளம்பரப் படத்தில் நன்றாக இருக்கும். திறக்க முடியாது, வெயில் பட்டால் எதிர் வரிசைக்காரரின் சிவப்புச் சட்டை உங்கள் படத்தில் பனிமலை மேல் விழும். அதைவிட, இடையில் நினைத்த இடத்தில் இறங்கி அடுத்த வண்டியைப் பிடிக்க முடியாது. சாதாரண ரயிலுக்கு முன்பதிவு கிடையாது, கூடுதல் கட்டணம் கிடையாது. புதிய பெட்டிகளுக்குப் பின்னால் சில வண்டிகளில் பழைய பெட்டிகளைக் கோத்திருப்பார்கள். அவற்றின் ஜன்னலைக் கீழே இறக்கலாம். பிளாட்பாரத்தில் சற்று நடந்து அந்தப் பெட்டியைத் தேடி ஏறுங்கள். காற்று சில்லென்று அறையும். காது மூடும் குல்லாய் பெற்றோருக்கு அவசியம்.

நான் கோயம்புத்தூர்க்காரன், மேட்டுப்பாளையம் ரயிலைப் பார்த்து வளர்ந்தவன். அதனால் இந்தப் பாதை எனக்குப் பாதி சொந்தம் மாதிரி. நீலகிரி ரயிலைத் தூக்கிவிடும் பல்சக்கர அமைப்பு சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்தது; அதன் பழைய நீராவி எஞ்சின்கள் சூரிக்குக்குப் பக்கத்தில் உள்ள வின்டர்தூரில் வார்த்தவை. நம் பாதையில் ஏறத்தாழ 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம், பல்சக்கரம் இல்லாமல் முடியாது. பெர்னினாவில் 1000 மீட்டருக்கு 70 மீட்டர் ஏற்றம். அதைப் பல்சக்கரமே இல்லாமல், சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே உள்ள பிடிப்பை மட்டும் நம்பி ஏறுகிறார்கள், அதுவும் 1910 முதல். உச்சியில் இருக்கும் ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையத்தின் உயரம் 2253 மீட்டர், கிட்டத்தட்ட நம் ஊட்டி. ஊட்டியில் தேயிலை விளையும் உயரத்தில் அங்கே பனியாறு தொங்குகிறது. பெற்றோருக்கு மூச்சு வாங்குமோ என்ற கவலைக்கும் இதுவே பதில்: ஊட்டி ஒத்துக்கொண்டால் இதுவும் ஒத்துக்கொள்ளும். 3454 மீட்டரில் இருக்கும் யுங்ஃப்ராவ்யோக் என்ற இன்னொரு சுவிஸ் மலை ரயில் நிலையம் அப்படியல்ல. அங்கே தலைவலி வருகிறவர்கள் நிறைய.

இனி மூன்று நாள் கணக்கு. முதல் நாள் காலை சூரிக்கிலிருந்து கூர் வரை ஒன்றேகால் மணி நேரம். இடப்பக்கம் உட்காருங்கள், இரண்டு ஏரிகளும் அந்தப் பக்கம்தான். கூரில் குறுகிய பாதை ரயிலுக்கு மாறி வலப்பக்கத்துக்குப் போய்விடுங்கள். இணைப்பு வண்டிக்கு ஐந்தாறு நிமிடம்தான் இருக்கிறது என்று பதற வேண்டாம். நாடு முழுவதும் வண்டிகளை மணிக்கு மணி ஒன்றோடொன்று கோத்த கால அட்டவணையை 1982 முதல் நடத்துகிறார்கள். அந்த ஐந்து நிமிடம் உங்களை மனதில் வைத்தே போட்டது. பிலிசூர் வருவதற்குச் சற்று முன்பு லாண்ட்வாசர் பாலம் வரும்: 65 மீட்டர் உயரம், தூண்களுக்கு இடையே ஆறு வில் வளைவுகள், வளைந்தபடியே போய் நேராகப் பாறைக்குள் நுழைகிறது. கேமராவை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சில நொடிகளில் முடிந்துவிடும். கையில் இருப்பது சின்னப் பயணப் பெட்டிகள் என்றால் பிலிசூரில் இறங்கி அரை மணி நேரம் காட்டு வழியில் நடந்து பாலத்தைக் கீழிருந்து பார்க்கலாம். பெரிய பெட்டிகளோடு வருகிறீர்கள் என்றால் இறங்கவே வேண்டாம்.

அதற்குப் பிறகு பெர்கூனிலிருந்து ப்ரேடா வரை உள்ள பகுதியைப் பையனுக்குச் சொல்லிக் காட்டுங்கள். நேர்க்கோட்டில் பார்த்தால் ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆனால் 400 மீட்டர் ஏற வேண்டும். அதற்காகத் தண்டவாளத்தை மலைக்குள் வட்டமாகச் சுற்ற விட்டு 12 கிலோமீட்டராக இழுத்திருக்கிறார்கள். கீழே விட்டு வந்த ஊர் ஒரு முறை இந்த ஜன்னலில், அடுத்த முறை எதிர் ஜன்னலில், ஒவ்வொரு தடவையும் இன்னும் சிறியதாகத் தெரியும். 2022 அக்டோபரில் 100 பெட்டிகளைக் கோத்து, 1910 மீட்டர் நீளத்துக்கு ஒரே ரயிலாக இந்த இறக்கத்தில்தான் ஓட்டிக் காட்டினார்கள். பையன்கள் இதைக் கேட்டால் விடமாட்டார்கள்.

சமேடனில் வண்டி மாறி பொன்ட்ரெசினா போய், இரண்டு இரவும் அங்கேயே தங்குங்கள். சென்ட் மோரிட்ஸ் பணக்காரர்களின் ஊர். பொன்ட்ரெசினா பெர்னினா பாதையின் மேலேயே இருக்கிறது, ஊரும் அமைதி.

இரண்டாம் நாள்தான் முக்கியம். பெட்டிகளை விடுதியில் விட்டுவிட்டுக் கைவீசிக் கிளம்புங்கள். மோர்ட்டரேட்ச் நிலையத்தில் இறங்கினால் பனியாற்றை நோக்கித் தட்டையான பாதை போகிறது. எந்த ஆண்டில் பனியாறு எதுவரை இருந்தது என்று வழியில் பலகை நட்டிருக்கிறார்கள். 1878 முதல் அளக்கிறார்கள். 2 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்டது. பெற்றோர் முடிந்த வரை நடக்கட்டும், முடியாவிட்டால் நிலையத்தருகே காபி குடிக்கட்டும். அடுத்த வண்டியில் ஏறி, மோன்டேபெல்லோ வளைவில் அதே பனியாற்றை மேலிருந்து பார்த்துவிட்டு, கணவாயில் லாகோ பியாங்கோ ஏரியை ஒட்டிப் போவீர்கள். இங்கேதான் நீர் பிரிகிறது. ஏரிக்கு வடக்கே விழும் மழை இன் நதி வழியாக டான்யூபில் சேர்ந்து கருங்கடலுக்குப் போகிறது. ஏரியில் விழுவது அட்டா, போ நதிகள் வழியாக ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. இடையில் இருக்கும் மேடு பார்வைக்கு ஒன்றுமே இல்லை.

ஆல்ப் க்ரூமில் கட்டாயம் இறங்குங்கள். 2091 மீட்டர் உயரம், சாலையே கிடையாது, ரயிலில் வர வேண்டும் அல்லது நடந்து வர வேண்டும். நிலையக் கட்டடமே உணவகம். எதிரே பாலூ பனியாறு, கீழே ஆயிரம் மீட்டருக்கும் மேலான ஆழத்தில் போஸ்கியாவோ பள்ளத்தாக்கு. அங்கே ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதற்காகவே எக்ஸ்பிரஸ் வேண்டாம் என்றேன். பிறகு அப்படியே பொன்ட்ரெசினாவுக்குத் திரும்பிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பாதையில் மோர்ட்டரேட்ச் உட்படப் பல சிறு நிலையங்களில் கேட்டால்தான் ரயில் நிற்கும். உள்ளே இருந்தால் கதவருகே உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். ஏறுவதற்குப் பிளாட்பாரத்தில் தனிப் பொத்தான் இருக்கும். அழுத்தாவிட்டால் ரயில் உங்களைப் பார்த்துக்கொண்டே போய்விடும், அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து.

மூன்றாம் நாள் பெட்டிகளோடு ஏறி, இறங்காமல் திரானோ வரை போங்கள். பாதிப் பாதை மறுபடியும் வருகிறதே என்று தோன்றும். வேண்டுமென்றுதான் வைத்திருக்கிறேன்: செப்டம்பர் இறுதியில் ஒரு நாள் மேகம் மூடினால் இன்னொரு நாள் கை கொடுக்கும். கண்காணிப்புக் கேமராக்கள் கணவாயில் இருக்கின்றன; காலை எழுந்ததும் இணையத்தில் பார்த்துவிட்டு இரண்டாம் நாள் திட்டத்தை முடிவு செய்யுங்கள். இந்த முறை ஆல்ப் க்ரூமுக்குப் பிறகு வண்டி மலைச்சரிவில் இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பி இறங்குவதைப் பார்க்கலாம். ப்ரூசியோவில் ஒன்பது வில் வளைவுகள் கொண்ட கல் பாலத்தில் ரயில் வெட்டவெளியில் முழு வட்டம் போட்டுத் தன் பாதைக்கு அடியிலேயே நுழைந்து போகும். ஏற்றத்தை 7 சதவீதத்துக்குள் அடக்க வேறு வழி இல்லாததால் செய்த ஏற்பாடு இது. 429 மீட்டரில் இருக்கும் திரானோவுக்குள் ரயில் கார்களோடு சேர்ந்து தெருவிலேயே ஓடி, பெரிய மாதா கோயிலின் முன்வாசலைக் கடந்து போகிறது.

டிக்கெட்டில் அதிகம் குழம்ப வேண்டாம். ஸ்விஸ் டிராவல் பாஸ் திரானோ வரை செல்லும், அது இத்தாலி மண்ணாக இருந்தாலும். அப்பாவோ அம்மாவோ பாஸ் வைத்திருந்தால் கூட வரும் பையனுக்கு இலவசக் குடும்ப அட்டை உண்டு, கேட்டு வாங்குங்கள். தேதி உறுதி என்றால் ஒரு நாள் முழுக்கச் செல்லும் சேவர் டே பாஸையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறு மாதம் முன்பே விற்பனைக்கு வரும், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். இரு நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கும் ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும்.

சாப்பாடு: ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையக் கடைகள் திறந்திருக்கும். சைவம் என்றால் திரானோவில் பிட்ஸோக்கேரி கேளுங்கள்: பக்வீட் என்ற தானிய மாவில் செய்த பட்டை நூடுல்ஸ், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், நிறையப் பாலாடைக்கட்டி. அங்கத்திய பாரம்பரியப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் பாலைத் திரிப்பதற்குக் கன்றின் வயிற்றுச் சுரப்பைச் சேர்ப்பார்கள். உங்கள் அம்மா அதில் கண்டிப்பானவர் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

திரானோவில் சுவிஸ் நிலையமும் இத்தாலிய நிலையமும் அடுத்தடுத்து இருக்கின்றன. மிலானுக்கு இரண்டரை மணி நேரம், கோமோ ஏரிக்கரை ஓரமாகவே. இதற்கு ஸ்விஸ் பாஸ் செல்லாது, தனி டிக்கெட். காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் பிளாட்பார இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள், இல்லாவிட்டால் அபராதம். இத்தாலிய ரயில்களில் வேலைநிறுத்தம் அடிக்கடி நடக்கும், முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். எனவே விமானம் ஏறும் நாளையும் இந்த மூன்றாம் நாளையும் ஒன்றாக வைக்காமல் மிலானில் ஓர் இரவு தங்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.