சியாட்டில் கார் ஃபெரி திரும்பாமலே எப்படித் திரும்பி வருகிறது?

"அமெரிக்காவின் சியாட்டிலில் கார்களையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் ஃபெரி கப்பல் போன வழியே அப்படியே வருகிறதே, அதற்கு முன்பக்கம் எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். முன்பக்கம் என்று ஒன்று கிடையாது, இரண்டுமே முன்பக்கம்தான்! அங்கே 1-ஆம் முனை, 2-ஆம் முனை என்றே சொல்கிறார்கள்.

வாஷிங்டன் மாநில ஃபெரிகளில் மிகப் பெரியவை ஜம்போ மார்க் 2 வகை: டகோமா, வெனாட்சி, புயாலப் என மூன்று கப்பல்கள். 1990-களின் இறுதியில் சியாட்டிலிலேயே கட்டியவை. நீளம் 460 அடி. 202 கார்களும் சுமார் 2,500 பேரும் ஏறலாம்.

ஒவ்வொரு முனையிலும் ஒரு உந்துசுழலி, ஒரு சுக்கான், மேலே ஒரு மாலுமி அறை. கரை சேர்ந்ததும் கேப்டன் எதிர்முனை அறைக்கு நடந்து போய்விடுவார், அவ்வளவுதான். காரும் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கும். ரிவர்ஸ் எடுக்கும் தொல்லையே இல்லை. சியாட்டிலிலிருந்து பெயின்பிரிட்ஜ் தீவுக்கு 35 நிமிடப் பயணம்தான் என்பதால், ஒவ்வொரு நடையிலும் கப்பலைத் திருப்பினால் கட்டுப்படியாகாது.

சரி, எந்த முனைக்கு விசை கொடுப்பது? டீசல் இன்ஜின்கள் நேராகச் சுழலியைச் சுற்றுவதில்லை. மின்சாரம் தயாரிக்கின்றன, மோட்டார்கள் சுற்றுகின்றன. அதனால் வேண்டிய பக்கம் விசையை மாற்றுவது சுலபம். பிற்பாடு வெனாட்சியில் பேட்டரி பொருத்தவும் இதுதான் கைகொடுத்தது. 2025-இல் டீசல், பேட்டரி இரண்டிலும் ஓடும் ஹைப்ரிடாக அது மீண்டும் ஓட வந்தது.