அமெரிக்கக் கனவை விற்றது விளம்பரமா, தவணையா?

"அமெரிக்கக் கனவு என்பதே விளம்பரக் கம்பெனிகள் கட்டிவிட்ட கதைதானே, அதில் மயங்கித்தானே அவர்கள் இவ்வளவு பொருளை வாங்கிக் குவித்தார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி சரி. விளம்பரம் ஆசை காட்டியது உண்மைதான். ஆனால் ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் கார் வாங்கிவிட முடியாது. கையில் காசில்லாதவரையும் வாங்க வைத்தது தவணைக் கடன். அதை விட்டுவிட்டு விளம்பரத்தை மட்டும் திட்டினால் கதையின் முக்கியமான ஆள் தப்பித்துவிடுகிறார்.

விளம்பரத்தின் பங்கும் சின்னதில்லை. லிஸ்டரின் என்ற வாய் கொப்பளிக்கும் திரவம் முதலில் அறுவைச் சிகிச்சைக்கான கிருமிநாசினியாக விற்கப்பட்ட சரக்கு. 1920-களில் அதையே வாய் துர்நாற்றத்துக்கு மருந்தாக விற்கத் தொடங்கினார்கள். அந்த வரிசையில் ஒரு விளம்பரத்தில் எட்னா என்ற கற்பனைப் பெண் வருகிறாள். தோழிகளுக்கெல்லாம் கல்யாணம் ஆகிவிட்டது அல்லது ஆகப்போகிறது, இவளுக்கு வயது முப்பதை நெருங்குகிறது, இன்னும் மணத்தோழியாகவே நிற்கிறாள். காரணம் வாய் நாற்றம், அதை நெருங்கிய சிநேகிதிகூட முகத்துக்கு நேரே சொல்ல மாட்டாள் என்று போகிறது வாசகம். பாட்டிலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், படிக்கிற பெண்ணைத் தன் வாயைப் பற்றிச் சந்தேகப்பட வைத்துவிடுகிறது. எனக்கு இது கொடுமையாகவே படுகிறது. ஆனாலும் லிஸ்டரின் வாங்க யாரும் கடன் வாங்கத் தேவையில்லை. கார், வீடு என்று வரும்போதுதான் ஆட்டம் மாறுகிறது.

ஹென்றி ஃபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1908-ல் அவருடைய மாடல் டி கார் வந்தபோது விலை 850 டாலர். 1913-ல் நகரும் உற்பத்தி வரிசை வந்தது, விலை இறங்கிக்கொண்டே போய் 1920-களின் நடுவில் அடிப்படை வண்டி 260 டாலருக்குக் கிடைத்தது. 1914-லேயே தன் தொழிலாளிகளுக்கு நாளைக்கு 5 டாலர் என்று அறிவித்தவர் அவர். ஆனால் கடன் என்றால் அவருக்கு ஆகாது. 1923-ல் அவர் கொண்டுவந்த திட்டம் நம் ஊர் நகைச்சீட்டு மாதிரி: வாரம் 5 டாலர் கட்டிக்கொண்டே வா, முழுத்தொகையும் சேர்ந்த பிறகு வண்டியை எடுத்துக்கொள். எதிரில் போட்டிக் கார் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் 1919-லேயே கடன் கொடுப்பதற்கென்று தனி நிறுவனம் தொடங்கி, முன்பணத்தைக் கட்டு, இன்றைக்கே ஓட்டிக்கொண்டு போ, மீதியை மாதாமாதம் கட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஃபோர்டின் சேமிப்புத் திட்டம் எடுபடவில்லை. 1927-ல் மாடல் டி உற்பத்தியே நின்றது, அடுத்த வருடம் ஃபோர்டும் ஒரு கடன் நிறுவனம் தொடங்கினார்.

நான் வாகனக் கடன் பிரிவில் வேலை பார்ப்பவன், அதனால் ஃபோர்டு ஏன் தோற்றார் என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. கவுண்டரில் உட்காருகிறவர் விலையைக் கேட்பதற்கு முன் "மாசம் டியூ எவ்வளவு வரும் சார்?" என்றுதான் கேட்பார். மூன்று வருடத்தை ஐந்து வருடமாக நீட்டி மாதத் தொகையைக் குறைத்துக் காட்டினால், மொத்தமாகக் கட்டப்போகும் வட்டி கூடியிருந்தாலும் முகம் தெளிந்துவிடும். அவர் விவரம் தெரியாதவர் இல்லை. அவருக்குச் சம்பளம் மாதாமாதம் வருகிறது, கணக்கும் அப்படித்தான் ஓடுகிறது.

இதோடு சேர்ந்ததுதான் வருடத்துக்கு வருடம் புது மாடல் விடுவது. ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர் சார்லஸ் கெட்டரிங் 1929-ல் ஒரு வணிக இதழில், நுகர்வோரைத் திருப்தி அடையாமலேயே வைத்திருங்கள் என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு கட்டுரை எழுதினார். அதே வருடக் கடைசியில் பங்குச்சந்தை விழுந்தது.

அமெரிக்கக் கனவு என்ற சொல்லைப் பரவலாக்கிய வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ் அதை எழுதியது அந்த வீழ்ச்சிக்குப் பிறகு, 1931-ல். வெறும் காரும் நல்ல சம்பளமும் மட்டுமல்ல இந்தக் கனவு, பிறப்பு எதுவாக இருந்தாலும் ஒவ்வொருவரும் தன்னால் முடிந்த உயரத்துக்கு வளர இடம் தரும் சமூகம்தான் அது என்று அவர் தெளிவாகவே எழுதியிருக்கிறார். அதனால் கனவையே விளம்பரக்காரர்கள் உருவாக்கினார்கள் என்பதை நான் ஏற்க மாட்டேன். அதில் காரை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைக் கழற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்.

1937-ல் மார்கரெட் பூர்க்-வைட் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரம், ஒஹாயோ ஆற்று வெள்ளம் வந்த நேரம். பெரிய விளம்பரப் பலகை. அதில் காரில் சிரித்துக்கொண்டு போகும் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், நாய்க்குட்டி உட்பட. 'உலகிலேயே உயர்ந்த வாழ்க்கைத் தரம்' என்று மேலே எழுதியிருக்கிறது. பலகைக்குக் கீழே நிவாரணத்துக்காகப் பையும் வாளியுமாக வரிசையில் நிற்பவர்கள் கறுப்பின மக்கள். பலகையைத் தெருவில் போகிற யாரும் பார்க்கலாம், அந்தக் காருக்குள் எல்லோருக்கும் இடமில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இது இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த நிலத்தில், 1947 முதல் 1951-க்குள் லெவிட்டவுன் என்று 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். 1949-ல் ஒரு வீடு 7,990 டாலர். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்க்கு அரசு உத்தரவாதத்தோடு கடன், முன்பணம்கூட வேண்டாம். சமையலறையில் குளிர்பதனப் பெட்டி, அடுப்பு எல்லாம் வீட்டோடு வரும், 1950 மாடலில் மாடிப்படிச் சுவரிலேயே டிவியைப் பதித்துக் கொடுத்தார்கள். ஆனால் ஆரம்பகால ஒப்பந்தங்களில், வெள்ளையர் அல்லாதவர் இங்கே குடியிருக்கக்கூடாது, வேலைக்காரர்கள் மட்டும் விதிவிலக்கு என்று ஒரு நிபந்தனை இருந்தது. கட்டியவர்கள் மட்டும் செய்த வேலை இல்லை இது, கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தராமல் தவிர்ப்பது அரசின் வீட்டுவசதி அமைப்பிலேயே நடைமுறையாக இருந்தது. அதே போரில் சண்டையிட்ட கறுப்பினச் சிப்பாய்க்குக் கடன் உரிமை காகிதத்தில் இருந்தது, வீடு கிடைக்கவில்லை. பென்சில்வேனியாவில் கட்டிய இன்னொரு லெவிட்டவுனில் 1957-ல் முதல் கறுப்பினக் குடும்பம் குடிவந்தபோது கூட்டம் கூடிக் கல்லெறிந்தது.

1959-ல் மாஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியில், மாதிரி வீட்டின் சமையலறையில் நின்று அமெரிக்கத் துணை ஜனாதிபதி நிக்சன் சோவியத் தலைவர் குருஷ்சேவிடம் வாதாடியது பிரபலம். அதில் நான் கவனித்தது ஒன்று. 14,000 டாலர் வீடு என்று சொன்னவர், 25, 30 வருடத் தவணையில் மாதம் 100 டாலர்தான், எங்கள் இரும்பாலைத் தொழிலாளி வாங்கலாம் என்று டியூ கணக்கையும் சொன்னார்.

அந்தச் சமையலறையையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் காட்டி விளம்பரங்கள் பேசியதெல்லாம் பெண்களிடம்தான். ஆனால் 1974-ல் சட்டம் வரும்வரை, கணவன் கையெழுத்து இல்லாமல் திருமணமான பெண்ணுக்குக் கடன் அட்டை தர மறுப்பது சர்வசாதாரணம். வீடு விற்பதில் நிறம் பார்ப்பதைத் தடைசெய்யும் சட்டம் 1968-ல் வந்தது. அதற்குள் லெவிட்டவுனில் முதலில் வாங்கியவர்கள் கிட்டத்தட்ட இருபது வருடம் டியூ கட்டியிருந்தார்கள், வீட்டு விலையும் ஏறியிருந்தது. அன்றைக்குக் கடன் மறுக்கப்பட்ட குடும்பம், சட்டம் வந்த பிறகு, ஏறிய அந்த விலையில்தான் முதல் தவணையைத் தொடங்க வேண்டியிருந்தது.