முழங்கால் எலும்பு முறிவில் கால்சியம் சிமெண்ட் வைப்பது பாதுகாப்பானதா?

முழங்காலுக்குக் கீழே எலும்பு நசுங்கிக் குழி விழுந்திருந்தால், அதை நிரப்பக் கால்சியம் பாஸ்பேட் சிமெண்ட் நல்ல தேர்வுதான். எலும்பிலிருக்கும் தாதுவும் கிட்டத்தட்ட இதே சரக்கு என்பதால் உடம்பு பொதுவாக ஒதுக்குவதில்லை, அக்ரிலிக் சிமெண்ட் மாதிரி இறுகும்போது அதிகம் சூடாகாது, குழியை நிரப்ப இடுப்பெலும்பிலிருந்து எலும்பைச் சுரண்டி எடுக்கும் வலியும் மிச்சம். ஆனால் அழுத்தத்தைத் தாங்குமே தவிர முறுக்கினால் உடையும், அதனால் பிளேட்டும் ஸ்குரூவும் கட்டாயம். கரைந்து புது எலும்பாக மாற வருடக்கணக்கில் ஆகலாம். குழியை நிரப்பும் இன்னொரு பொருளான கால்சியம் சல்பேட்டோ சில வாரங்களிலேயே கரைந்துவிடும், சிலருக்குக் காயத்தில் நீர் கசியும்.

கால்சியம் பாஸ்பேட் சிமெண்டை முதுகெலும்புக்குள் ஊசியால் செலுத்துவது வேறு கதை. அமெரிக்காவில் அனுமதியில்லாமல் அப்படிச் செய்தபோது, 2003-04இல் 3 பேர் அறுவை மேசையிலேயே இறந்தார்கள். ரத்தத்தில் கலந்தால் இது உறைகட்டியைத் தூண்டக்கூடும்.