மறுசுழற்சி பெட்ஷீட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் பெட்ஷீட் எடுக்கப் போனோம். ஒரு கடையில், “இது மறுசுழற்சி நூலுங்க, இயற்கைக்கு நல்லது” என்று சொல்லி, சாதா பெட்ஷீட்டைவிட 300 ரூபாய் அதிகம் கேட்டார்கள். நம்பி வாங்கலாமா? சீக்கிரம் கிழிந்துவிடாதா?
– வாசகி, பெருந்துறை

பதில்: எதிலிருந்து எடுத்த நூல் என்று முதலில் கேளுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் துணி வெட்டும்போது விழும் கட்டிங் வேஸ்ட்டா, பழைய தண்ணீர் பாட்டிலா? இரண்டையும் மறுசுழற்சி என்றுதான் விற்கிறார்கள். முன்னது பெரும்பாலும் பருத்தி, பின்னது பாலியஸ்டர்.

கட்டிங் வேஸ்ட் நம் ஊர்ச் சரக்கு. நிறம் நிறமாகப் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, குட்டை இழையையும் நூலாக்கும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்களில் நூலாக ஓட்டுகிறார்கள். அந்தத் துணியின் நிறமே நூலிலும் வருவதால் பல நேரம் சாயம் ஏற்றும் வேலையே இல்லை. சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டையும், 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இந்த நூலை வாங்குங்கள் என்று மனதாரச் சொல்வேன். ஆனால் கூடுதல் விலைக்கு அல்ல. ஓ.இ. நூல் பொதுவாகவே மலிவு. அந்த 300 ரூபாய்க்குக் கடைக்காரர்தான் காரணம் சொல்ல வேண்டும்.

நீடித்து உழைக்குமா? கிழிக்கும்போது இழை குட்டையாகிவிடும். அதனால் மொத்தமான நூல்தான் வரும், பலத்துக்குப் பாலியஸ்டரும் சேர்ப்பார்கள். கனமான பெட்ஷீட், கால்மிதி, திரைச்சீலைக்குத் தாராளமாகப் போதும். மெல்லிசாக, வழவழப்பாக வேண்டுமென்றால் சரிப்படாது. உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு உருண்டு கையோடு வந்தால் வேண்டாம்.

கடைக்காரர் சம்மதித்தால், ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியாக உருண்டு நிற்கும். முழுப் பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. நம் ஊர் வெயிலுக்குப் படுக்கையில் விரிக்க வேண்டாம், பை தைக்கச் சரி.

ஆனால் இழை புதுசா, பழசா என்று நெருப்பு காட்டிக்கொடுக்காது. அதற்குச் சான்றுதான் வேண்டும். மறுசுழற்சிப் பொருளுக்கான உலகளாவிய தரச்சான்றான ஜி.ஆர்.எஸ். (குளோபல் ரீசைக்கிள்டு ஸ்டாண்டர்டு) முத்திரை இருந்தால் பாதிக்குக் குறையாமல் மறுசுழற்சி இழை இருக்க வேண்டும் என்பது விதி. முத்திரை இல்லையா? ‘மறுசுழற்சி இழை இத்தனை சதவீதம்’ என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆதாரமில்லாமல் ‘இயற்கைக்கு நல்லது’ என்று விளம்பரப்படுத்துவதைத் தடுக்க, 2024இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு விதிகளே கொண்டுவந்திருக்கிறது. ஏமாற்றியது தெரிந்தால் அந்த பில்லோடு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். எழுதித் தரத் தயங்கினால், அடுத்த கடையில் சாதா பருத்தி பெட்ஷீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்.