முகத்துக்கு நேரே சொல்ல முடியாதவர்கள்

அன்புள்ள ஐயா,

ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னைப் பற்றி அலுவலகத்தில் ஒரு கதை கிளம்பியது. முழுப் பொய். யார் தொடங்கியது என்று இன்றுவரை தெரியவில்லை. எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றே ஒரு முடிவு எடுத்தேன். இல்லாத ஒருவரைப் பற்றி இனி பேசுவதில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் எழுந்து போய்விடுவது. வள்ளுவர் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். 'கண்ணின்று கண்ணறச் சொல்லினும் சொல்லற்க முன்னின்று பின்நோக்காச் சொல்' என்ற குறளையே என் விதியாக வைத்துக்கொண்டேன்.

இப்போது என்னைத் திமிர் பிடித்தவள் என்கிறார்கள். அது கிடக்கட்டும். அண்மையில் எங்கள் பிரிவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். அவளை ஓர் அதிகாரியின் கீழ் போட்டார்கள். அந்த மனிதர், கீழே இருப்பவர்கள் செய்த வேலையைத் தன் பெயரில் மேலிடத்துக்கு அனுப்புவார். தவறு நேர்ந்தால் மட்டும் அவர்கள் பெயரைச் சொல்வார். எனக்கே இது நடந்திருக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவருக்கும் நடந்ததாகக் கேள்வி. அந்தப் பெண் என்னிடம் வந்து, "அவர் எப்படி, அக்கா?" என்று கேட்டாள். "பழகிப் பார், தெரியும்" என்று சொல்லிவிட்டேன். சில வாரங்களில், அவர் செய்த பிழைக்கு அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டது சரியா? வம்பு பேசாமல் இருப்பதும் ஒரு குற்றமா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியும் நீக்கியும் இருக்கிறேன். வம்பைப் பற்றிய கடிதமே அடுத்த வம்பாகிவிடக் கூடாது அல்லவா?

நீங்கள் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் தானாக வந்து கேட்டாள், உங்களுக்கு நேரடியாகத் தெரியும், அவளுக்கு அது தேவைப்பட்டது. அந்த இடத்தில் நீங்கள் காத்த மௌனத்தால் பயன் அடைந்தவர் ஒருவர்தான். அந்த அதிகாரி.

நீங்கள் விதியாக எடுத்துக்கொண்ட குறள், நேரே நின்று இரக்கமில்லாமல்கூடச் சொல், ஆனால் ஆள் இல்லாதபோது பின்விளைவை எண்ணாமல் சொல்லாதே என்கிறது. ஏறத்தாழ சமமானவர்களுக்கு இடையே இதைவிட நல்ல விதி கிடையாது. நண்பன்மேல் குறை இருந்தால் நண்பனிடம் போய்ச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் வேலையில் சேர்ந்து சில வாரங்களே ஆன ஒரு பெண், அதிகாரியின் முகத்துக்கு நேரே "என் உழைப்பை உங்கள் பெயரில் அனுப்பினீர்கள்" என்று சொல்ல முடியுமா? நேரே பேசுவதற்கு ஒரு விலை உண்டு. அவருக்கு அது மலிவு, அவளுக்கு அது சம்பளம். இன்னொன்றையும் பாருங்கள். அந்த அதிகாரி ஆண்டுதோறும் அவளைப் பற்றி ஓர் அறிக்கை எழுதுவார். அவள் இல்லாத அறையில், அவள் பதில் சொல்ல வாய்ப்பில்லாமல், அவள் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் சொற்களை எழுதுவார். அதை யாரும் புறங்கூறுதல் என்று குறை சொல்வதில்லை. கீழே இருப்பவர்கள் அவரைப் பற்றித் தங்களுக்குள் வைத்திருக்கும் எழுதாத அறிக்கைதான் வம்பாகத் தெரிகிறது.

அதனால்தான் வம்பை ஒட்டுமொத்தமாகப் பழிக்கும் அறவுரைகளைக் கேட்டால் எனக்குச் சற்றுச் சந்தேகம் வரும். யாருக்கு அது வசதி என்று முதலில் பார்ப்பேன்.

உங்களைத் திமிர் பிடித்தவள் என்று சொல்வதற்கும் ஒரு காரணம் இருக்கிறது, அது உங்கள் சக ஊழியர்களின் கெட்ட மனம் மட்டும் அல்ல. மாக்ஸ் கிளக்மன் என்ற மானுடவியலாளர் 1963-இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒரு குழுவுக்குள் பிறரைப் பற்றிப் பேசுவது அந்தக் குழுவின் உறுப்பினர் உரிமை என்றார். புதிதாக வந்தவரிடம் யாரும் வம்பு சொல்லமாட்டார்கள். சொல்லத் தொடங்கிவிட்டால் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று பொருள். எது நடத்தை, எது அத்துமீறல் என்பதைக் குழு தனக்குத்தானே சொல்லிக்கொள்வதும் இந்தப் பேச்சின் வழியாகத்தான். நீங்கள் மேசையை விட்டு எழுந்தபோது, வம்பிலிருந்து எழுந்ததாக நினைத்தீர்கள். அவர்களுக்கு அது தங்களிடமிருந்தே எழுந்துபோனதாகப் பட்டது. (1967-இல் ராபர்ட் பெய்ன் இதை மறுத்தார். குழுவின் நன்மையாவது ஒன்றாவது, அவரவர் காரியம் சாதிக்கத்தான் வம்பு பேசுகிறார்கள் என்பது அவர் கட்சி. அலுவலகங்களில் காலம் தள்ளியவர்கள் பெய்ன் பக்கமும் தலையாட்டுவார்கள்.)

உங்கள் விதி அளவுக்கு மீறி அகலமானது. 2019-இல் மேகன் ராபின்ஸ், அலெக்ஸாண்டர் காரன் ஆகிய இருவரும், 467 பேர் அன்றாடம் பேசிய பேச்சின் ஒலித்துணுக்குகளை ஆராய்ந்தார்கள். இல்லாத ஒருவரைப் பற்றிய எந்தப் பேச்சையும் அவர்கள் கணக்கில் சேர்த்தார்கள். சராசரியாக ஒருவர் நாளுக்கு 52 நிமிடம் இப்படிப் பேசுகிறார். அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு, நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. இன்னாருக்கு இடமாற்றம், இன்னார் வீடு மாறுகிறார், இன்னாரின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்ற வகை. எஞ்சியதில் புகழைவிடப் பழி கூடுதல் என்பதும் உண்மைதான். பெண்கள்தான் அதிகம் பழி பேசுவார்கள் என்ற பழைய குற்றச்சாட்டுக்கு மட்டும் அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. நீங்கள் எழுந்துபோன ஒவ்வொரு முறையும், யாருக்கு உடம்பு சரியில்லை என்பதையும் கேட்காமல்தான் போனீர்கள். ஒருவரை நலம் விசாரிக்கப் போகவேண்டும் என்று நமக்குத் தெரிவதே அவர் இல்லாத இடத்தில் நடந்த பேச்சால்தான்.

மாத்யூ ஃபைன்பர்க்கும் அவருடைய சகாக்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது நினைவுக்கு வந்தது. ஒரு விளையாட்டில் ஒருவர் மற்றவர்களை ஏமாற்றுவதைச் சிலரைப் பார்க்க வைத்தார்கள். பார்த்தவர்களின் இதயத் துடிப்பு கூடியது. அடுத்து அந்த ஆளோடு விளையாடப் போகிறவருக்கு ஒரு எச்சரிக்கைக் குறிப்பு எழுத வாய்ப்புக் கொடுத்தபோது அந்தப் படபடப்பு தணிந்தது. நீங்கள் குறிப்பை எழுதவில்லை. எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளை முதல் மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசத் தொடங்கினால் அதற்கு நான் பொறுப்பல்ல. ஏனென்றால் உங்கள் விதி பிறந்த காயம் உண்மையானது. 2007-இல் ரால்ஃப் சோமர்ஃபெல்டும் சகாக்களும் நடத்திய சோதனை ஒன்றை நினைத்தால் எனக்கு இன்றும் கசப்பாக இருக்கும். ஒருவர் முன்பு எப்படி நடந்துகொண்டார் என்ற பதிவைப் பங்கேற்றவர்களின் கண்முன்னே வைத்தார்கள். கூடவே அவரைப் பற்றி இன்னொருவர் சொன்ன சொல்லையும் கொடுத்தார்கள். உண்மைப் பதிவு கையில் இருந்தும், கேட்ட சொல் அவர்களுடைய முடிவை அசைத்தது. உங்களோடு ஆண்டுக்கணக்கில் பழகியவர்கள் எப்படி அந்தப் பொய்யை நம்பினார்கள் என்று நீங்கள் பல இரவுகள் யோசித்திருப்பீர்கள். முழுதாக நம்பியிருக்கவே தேவையில்லை. "நெருப்பில்லாமல் புகையாது" என்று ஒருவர் சொன்னால் போதும். தமிழில் இதைப் போல் அநியாயமான பழமொழி இன்னொன்று இருக்குமா தெரியவில்லை. புகையைக் கிளப்பியவனை விட்டுவிட்டு, புகை படிந்தவரை நெருப்புக்குக் கணக்குக் கேட்கிறது.

உங்களைப் பற்றி அந்தக் கதையைச் சொன்னவரும் "உன் நல்லதுக்காகச் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே" என்றுதான் தொடங்கியிருப்பார். வம்பு தன் சொந்த முகத்தோடு எங்கேயும் வருவதில்லை, எச்சரிக்கை போலவோ அனுதாபம் போலவோதான் வரும். அப்படியென்றால் நீங்கள் அந்தப் பெண்ணிடம் சொல்லவேண்டியது மட்டும் எப்படி வேறு? நான் பார்ப்பது யாரிடம் போய்ச் சேருகிறது என்பதை. எச்சரிக்கைக்கு ஒரு முகவரி இருக்கும். தேவைப்படுகிறவரிடம் சேர்ந்ததும் அதன் வேலை முடிந்தது. அவளிடம் சொல்லிவிட்டு, அதே கதையைச் சாப்பாட்டு மேசையிலும் சொல்ல நாக்கு துடித்தால், அந்தத் துடிப்பு அவளுக்காக அல்ல.

புறம் பேசுவதை மிகக் கடுமையாக விலக்கிய மரபுகளே இந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. குர்ஆன் (49:12) அதை இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பிடுகிறது. ஆனாலும் 13-ஆம் நூற்றாண்டு அறிஞர் நவவி, அநீதி இழைக்கப்பட்டவர் முறையிடுவது, பிறரை எச்சரிப்பது உட்பட ஆறு விதிவிலக்குகளைப் பட்டியலிட்டார். யூத மரபில் உண்மையாகவே இருந்தாலும் ஒருவரைப் பற்றிப் பழி சொல்லக் கூடாது. அந்தச் சட்டங்களை 1873-இல் தொகுத்த ரபி இஸ்ரயேல் மெயிர் ககன், ஒருவரை இழப்பிலிருந்து காப்பாற்றச் சொல்லலாம் என்று அனுமதித்து, அதற்குக் கறாரான நிபந்தனைகளையும் வைத்தார். உனக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், மிகைப்படுத்தக் கூடாது, நோக்கம் உதவியாக இருக்க வேண்டும், வெறுப்பாக அல்ல, வேறு வழி இருக்கக் கூடாது, யாரைப் பற்றிச் சொல்கிறோமோ அவருக்கு, நியாயமாகக் கிடைக்கவேண்டியதைவிட அதிகத் தீங்கு நேரக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைப் போகிற போக்கில் தாண்டிவிடாதீர்கள். ஒருவர் பிறர் உழைப்பைத் திருடுகிறார் என்பதற்காக அவர் குடும்பத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் வெளியே வரவேண்டியதில்லை.

அந்த அளவுகோலை உங்கள் கடிதத்தின்மேலேயே வைத்துப் பார்க்கிறேன். "எனக்கே நடந்திருக்கிறது" என்ற வாக்கியத்தை அவளிடம் தேதியோடு சொல்லுங்கள். "எனக்கு முன்னால் இருந்தவருக்கும் நடந்ததாகக் கேள்வி" என்பதை விட்டுவிடுங்கள். முன்னவருடைய அனுபவம் தேவைப்பட்டால் அவரைத்தான் கேட்க வேண்டும்.

எச்சரிக்கைக் கடிதம் வந்த பிறகு வெறும் எச்சரிக்கை அவளுக்குப் போதாது. காதோடு காதாகச் சொல்லும் எச்சரிக்கைக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது சொல்லப்பட்டவரை மட்டும் காப்பாற்றும், அந்த மனிதர் அதே நாற்காலியில் இருப்பார். சொல்வதற்கு ஆள் இல்லாத புதியவர்கள் ஒவ்வொருவராக அவரிடம் போய்ச் சிக்குவார்கள். அதனால் மின்னஞ்சல்களை அழிக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த வேலையை யார் எப்போது முடித்தார்கள் என்று அவள் எழுதி வைக்கட்டும். அந்தக் கடிதத்துக்கு அவள் எழுத்தில் பதில் கொடுக்க விரும்பினால், உங்கள் அனுபவத்தையும் எழுதி உங்கள் பெயரைப் போட்டுக் கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள். உங்களுக்கும் அதில் ஆபத்து இருக்கிறது. வேலையை இழக்க முடியாத நிலையில் நீங்கள் இருந்தால், அவளிடம் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வதையும் நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவளைக் கேட்காமல் அவள் சார்பாக எங்கேயும் போய் முறையிடாதீர்கள்.

உங்களைப் பற்றிய பொய்யை யார் தொடங்கினார் என்று தேடவேண்டாம். பத்துப் பேரிடம் விசாரித்தால் பத்துப் பேருக்கும் அது மறுபடி நினைவுக்கு வரும்.

மதிய மேசைக்குத் திரும்பிப் போங்கள். யாருடைய மணமுறிவைப் பற்றியாவது பேச்சு வந்தால் எழுந்துபோகத் தேவையில்லை, "அவரிடம் யாராவது பேசினீர்களா, எப்படி இருக்கிறார்?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் யாரும் பேசியிருக்கமாட்டார்கள்.