மலைக்கு இன்னொரு ரோடு உண்டு: சைக்கிள்காரர்களுக்குக் கேள்வி பதில்

வண்டித் தொல்லை இல்லாமல் மலை ஏறவும் ஆற்றோரம் ஓட்டவும் தமிழ்நாட்டில் எங்கே போகலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். தார் ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். பெரும்பாலான மலைகளுக்கு ரெண்டு ரோடு உண்டு. ஒன்றில் டூரிஸ்ட் கார்கள் போகும். இன்னொன்றில் மலை ஜனங்களின் டவுன் பஸ் போகும். நமக்கு அந்த ரெண்டாவதுதான்.

சென்னை வாசகர்: முதல் தடவையாக மலை ஏறப்போகிறேன் அண்ணா. ஏலகிரி சரிவருமா?

ஏறுவதற்கு நல்ல மலைதான், 14 கொண்டை ஊசி வளைவு. ஆனால் சனி ஞாயிறு ஒன்பது மணிக்கு மேல் கார்கள் வரிசை கட்டும். வார நாளில், விடிந்ததும் ஏறினால் சரி.

என்னைக் கேட்டால் கொஞ்சம் தள்ளி ஜவ்வாது மலைக்குப் போங்கள். வாணியம்பாடியில் ரயில் இறங்கி, ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. ராத்திரியில் விளக்கு வெளிச்சம் விழாத இடம் வேண்டும் என்றுதான் அந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். பக்கத்தில் பெரிய ஊரோ ஆலையோ இல்லை, அதனால் லாரிக்கு அங்கே வேலையும் இல்லை. ஏற்றமும் ஒரேயடியாக மூச்சு வாங்க வைக்காது. ஏறிவிட்டால் மேலே சாமைக் கொல்லை, பலா மரம், புளிய மரம் என்று ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும்.

ஒன்று கவனம். அறுவடைக் காலத்தில் கேழ்வரகையும் கொள்ளுச் செடியையும் ரோட்டில் பரப்பி, வண்டி ஏறவிட்டுக் கதிர் அடிப்பார்கள். காய்ந்த தாளின் மேல் டயர் வழுக்கும். நாலு தண்டு பின் கியருக்குள் போய்ச் சுற்றிக்கொண்டால், செயினைக் கியர் மாற்றித் தள்ளும் டிரெயிலியர் வளைந்துவிடும். இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நடந்து தாண்டுங்கள். அது அவர்களுக்கு ஒரு வருஷச் சாப்பாடு, அதன் மேல் நாம் ஏற்ற வேண்டாம்.

திரும்பும்போது போளூர் பக்கம் இறங்கினால் அங்கேயும் ரயில் நிலையம் இருக்கிறது. வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.

சேலம் வாசகர்: ஏற்காடு ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை ஏறவே முடியவில்லை. ஹாரன் சத்தம் தாங்கவில்லை.

அடிவாரம் வழியாக 20 வளைவு ஏறுகிறீர்கள். ஊரே அதில்தான் ஏறுகிறது. குப்பனூர், கொட்டச்சேடு வழியாக ஏறிப் பாருங்கள். செங்குத்து அதிகம், நிழலும் அதிகம், வண்டி குறைவு. மே மாதக் கோடை விழா நாட்களில் மட்டும் போகாதீர்கள். வண்டிகளை ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் குப்பனூர் வழியாக இறக்குவார்கள், எதிரே வெள்ளம் மாதிரி வரும்.

நாமக்கல் வாசகர்: கொல்லிமலையில் 70 வளைவு. தமிழ்நாட்டிலேயே கஷ்டமான ஏற்றம் அதுதானே?

வளைவை எண்ணிக் கஷ்டத்தை அளக்காதீர்கள். மலையில் ரோட்டை வளைப்பதே ஏற்றத்தைக் குறைக்கத்தான். ஆயிரம் மீட்டர் உயரத்தை 20 கிலோமீட்டரில் ஏறினால் சராசரி 5 சதவீதம். அதையே 10 கிலோமீட்டரில் ஏறினால் 10 சதவீதம், அங்கேதான் கால் கடுக்கும். வளைவின் உள் ஓரம் எப்போதும் செங்குத்து. எதிரே வண்டி இல்லை என்று தெரிந்தால் கொஞ்சம் வெளியே தள்ளி ஏறுங்கள். காரவள்ளி ரோட்டில் கூட்டமாக இருந்தால் முள்ளுக்குறிச்சி பக்கத்து ரோடு இருக்கிறது. ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும்போது ரெண்டுமே வேண்டாம்.

திருச்சி வாசகர்: எந்த சைக்கிள் வாங்கலாம்?

கையில் இருப்பதில் முன்னால் பெடலோடு சுற்றும் சின்னப் பல்சக்கரத்தில் 34 பல்லும், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 32 அல்லது 34 பல்லும் இருந்தால் அதுவே போதும். டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

கோவை வாசகர்: பதினேழு வயது மகளோடு ஓட்டுகிறேன். பாதுகாப்புக்கு என் தம்பி காரில் பின்னாலேயே வருகிறார். சின்ன மலை ரோட்டில் இது சரிதானே?

பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிறீர்கள், ஆனால் அந்தக் கார்தான் அங்கே ஆபத்து. ஒன்றரை வண்டி அகல ரோட்டில் எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் ஊர்ந்தால், பின்னால் வரும் பஸ் உங்களைப் பார்க்க முடியாது. காரை முந்த வெளியே எடுக்கும்போதுதான் முன்னால் ஒரு பெண் சைக்கிளில் போவது டிரைவருக்குத் தெரியும். அந்த இடம் வளைவாக இருந்தால் அவர் எந்தப் பக்கம் ஒதுங்குவார்? போதாததற்கு, காலையிலிருந்து உங்கள் காதில் விழுவது உங்கள் கார் இன்ஜின் சத்தம்தான்.

அதே வாசகர்: சொல்வது சுலபம் சார். பாதி மலையில் போனில் டவர் கிடையாது. பஞ்சர் ஆனாலோ, யாராவது பின்தொடர்ந்தாலோ என்ன செய்வது? பெண் பிள்ளையைப் பெற்றவனுக்குத்தான் தெரியும்.

உங்கள் பயம் நியாயம். கார் வரட்டும், பின்னால் வர வேண்டாம். ஐந்து கிலோமீட்டர் முன்னால் போய், ரோடு அகலமான இடத்தில் ஒதுங்கி நிற்கட்டும். நீங்கள் ரெண்டு பேரும் அங்கே சேர்ந்ததும் அடுத்த ஐந்து. குறித்த நேரத்துக்கு வரவில்லையென்றால் அவர் திரும்பி வந்து பார்க்கட்டும். டவர் இல்லாத இடத்திலும் இது நடக்கும்.

மதுரை வாசகி: குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். நான் தனியாக ஓட்டுகிறவள். கார் பின்னால் வந்தால் ஊர்க்காரர்கள் நம்மிடம் பேசவே மாட்டார்கள். சைக்கிள் மட்டும் என்றால் டீக்கடையில் உட்காரச் சொல்வார்கள், அடுத்த ஊருக்குத் தகவலும் போய்விடும். எனக்கு அதுதான் பாதுகாப்பு.

மிகச் சரியாகச் சொன்னீர்கள் அம்மா. டவுன் பஸ் போகிற ரோட்டை நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பஸ் போனால் வழியில் ஊர் இருக்கும், முடியாமல் போனால் கையைக் காட்டினால் பஸ் நிற்கும். ஆள் நடமாட்டமே இல்லாத ரோடு வேறு, அமைதியான ரோடு வேறு. முதலாவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கோவை வாசகர்: சரி, முன்னால் அனுப்பிப் பார்க்கிறேன். ஆனால் இறக்கத்தில் பின்னால்தான் வரச்சொல்வேன்.

இறக்கத்தில் கண்டிப்பாக வேண்டாம். உங்கள் மகள் வழுக்கி விழுந்தால் முதலில் ஏறப்போவது அந்தக் கார்தான். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

மேட்டுப்பாளையம் வாசகர்: மஞ்சூரிலிருந்து முள்ளி வழியாகக் காரமடை, 43 வளைவு. வண்டியே இருக்காது. போகலாமா?

போகாதீர்கள். யானைக் காடு. சைக்கிளில் சத்தம் இல்லாததை நாம் சுகம் என்று நினைக்கிறோம். காட்டில் அதுதான் வினை. கார் வருவது யானைக்குத் தூரத்திலேயே கேட்கும், நீங்கள் வருவது பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். எந்தக் காட்டு ரோடாக இருந்தாலும் காலை ஆறுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் சக்கரம் சுழலக் கூடாது. பகலிலும் வளைவுக்கு வளைவு மணி அடியுங்கள்.

தேனி வாசகர்: மலை வேண்டாம், ஆற்றோரமாக ஒரு நாள் ஓட்ட வேண்டும்.

உங்கள் ஊரை விட்டு எங்கே போகிறீர்கள்? கம்பம் பள்ளத்தாக்குதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கம்பம், கூடலூர் மெயின் ரோட்டை விட்டுவிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் ராப்பகலாகக் குமுளிக்குப் போகும். உத்தமபாளையத்தில் கிழக்கே திரும்பி ராயப்பன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி என்று ஊர் ஊராகப் போங்கள். ஒரு பக்கம் மேகமலைச் சரிவு, இன்னொரு பக்கம் திராட்சைப் பந்தல். பந்தலை ஒட்டிப் போகும்போது காற்றே குளிர்ந்துவிடும். 1895இல் பெரியாறு அணை வந்த பிறகு மலையைக் குடைந்து கொண்டுவந்த தண்ணீர் பாய்கிற பூமி. இருபோக நெல் மட்டும் 14,707 ஏக்கர்.

ஆனி, ஆடியில் காற்று கூடலூர் பக்கமிருந்து தேனியை நோக்கித் தள்ளும். காலையில் காற்று எழும்பும் முன் தெற்கே ஓட்டிப் போய்விடுங்கள். திரும்பும்போது அதுவே உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். மாற்றிச் செய்தால் கடைசி இருபது கிலோமீட்டர் அழுகை வரும்.

ஈரோடு வாசகர்: கியர் இல்லாத சைக்கிளில் மலை ஏறலாமா? எது நல்ல பிராண்ட்?

மேலே திருச்சிக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள். கியர் இல்லாமல் மலை வேண்டாம்.

திண்டுக்கல் வாசகர்: கொடைக்கானலுக்கு ரெண்டாவது ரோடு உண்டா?

உண்டு, அருமையான ரோடு. அய்யம்பாளையம், பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு. காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் வழி நெடுக நிழல் கொடுக்கும். கொடைக்கானல் வரைக்கும் போக வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். பண்ணைக்காடு தாண்டி மெயின் ரோட்டில் சேர்ந்ததும் சுகம் போய்விடும். தாண்டிக்குடியில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். இங்கேயும் யானை வரும், ஆறு மணிக் கணக்கை மறக்க வேண்டாம்.

வேலூர் வாசகர்: ஏறுவது சரி சார். இறங்கும்போது பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே வந்தால் போதுமா?

இதை எல்லோரும் படியுங்கள். பிடித்தபடியே வரக் கூடாது. ரிம் பிரேக் என்றால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும், டிஸ்க் என்றால் கட்டை கருகிப் பிடிப்பு போகும். நேர் ரோட்டிலேயே ரெண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் நுழையும் முன் விட்டுவிடுங்கள். வளைவின் நடுவில் பிடித்தால், அங்கே குவிந்திருக்கும் மண்ணில் முன் சக்கரம் சறுக்கும். பஸ் வளைவில் முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும், அதனால் ஹாரன் கேட்டால் ஓரமாக நின்றேவிடுங்கள். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. நாலைந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கி நின்று ஆறவிடுங்கள். கிளம்புவதற்கு முதல் நாளே பிரேக் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். அதில் பதிந்திருக்கும் கல்லையும் உலோகத் துணுக்கையும் ஊசியால் எடுத்துவிடுங்கள்.

தாம்பரம் வாசகர்: ரயிலில் சைக்கிளை எப்படி ஏற்றுவது?

நீங்கள் ஏறும் ஸ்டேஷனின் பார்சல் ஆபீஸில் கேளுங்கள். இறங்கும் ஊரில் ரயில் எத்தனை நிமிஷம் நிற்கும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஓசூர் வாசகர்: எந்த சைக்கிள் நல்லது?

திருச்சி. மேலே.

விழுப்புரம் வாசகர்: எந்த மாதம் போகலாம்?

ஜவ்வாது, கொல்லி, ஏற்காடு என்றால் மழை ஓய்ந்த மார்கழி, தை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் சரியும், வேண்டாம். நீங்கள் விழுப்புரம் என்பதால் சொல்கிறேன், காட்பாடி லைனில் காலை ரயிலைப் பிடித்துப் போளூரில் இறங்கிவிடுங்கள். ஜமுனாமரத்தூர் ஏறி, மதியம் சாப்பிட்டு, இருட்டும் முன் இறங்கிவிடலாம். பிரேக் கட்டை பார்த்தாயிற்றா?